உடைந்த கலத்தின் கணக்கும் உள்ளத்தின் கணக்கும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே ஒரு கல்வெட்டு உண்டு. பொலன்னறுவையிலிருந்து ஆட்சி புரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணையைத் தாங்கிய தமிழ்க் கல்வெட்டு அது. வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா 1963ஆம் ஆண்டிலே அதனை ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊர்காவற்றுறையிலே வந்திறங்க வேண்டும். அவர்களுக்குக் காவல் அளிக்கப்பட வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றி வந்த கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, எஞ்சியது உரியவனுக்கு. மற்றைய பண்டங்களை ஏற்றி வந்த கலம் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உரியவனுக்கு என்பது அவ்வாணையின் சாரம்.

எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக நின்று பேசும் இக்கல், இலங்கையின் வணிக வரலாற்றுக்கு அரிய சான்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதனை வாசிக்கும்போது ஒரு கேள்வி எழாமற் போவதில்லை. உடைந்த கலத்திலே வந்த மனிதர் என்ன ஆயினர்? கரையொதுங்கியவன் எத்தனை இரவு உறங்காதிருந்தான்? அவனை எதிர்பார்த்து வேறொரு கரையிலே காத்திருந்தவள் எத்தனை மாதம் அடுப்பு மூட்ட மனமின்றி இருந்தாள்? குதிரைக்குக் கணக்கு உண்டு. யானைக்குக் கணக்கு உண்டு. உள்ளத்துக்குக் கணக்கு இல்லை. கல்லிலே எழுதும் வல்லமை பெற்றவர்கள் தமக்கு வேண்டிய கணக்கையே எழுதினார்கள். இது நயினாதீவுக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் எழுதப்பட்ட வரலாற்றின் பொதுத்தன்மையே இதுதான்.

இக்கட்டுரையிலே நாம் எடுத்துக்கொள்ளும் பொருள், எழுதப்படாத அந்தக் கணக்கைப் பற்றியது. மனம் நாளுக்கு நாள் எவ்வாறு எழுகிறது, எவ்வாறு தாழ்கிறது என்பதை ஒருவர் தாமே தொடர்ந்து குறித்து வருவது உளநலத்துக்குத் துணை செய்யும் என்று இன்று உளமருத்துவர் பலர் கூறுகின்றனர். இதனைக் கேட்டதும் நம்மிற் சிலருக்குச் சிரிப்பு வரக்கூடும். “வயிற்றுக் கணக்கே தீராத நாட்டிலே மனக்கணக்கா? வசதி படைத்தவர்கள் கண்ணாடி முன்னின்று தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும் வேலையல்லவா இது?” என்று தோழர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. இதற்கு விடை சொல்ல வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குப் படகிலே செல்பவர் எவரும் காணக்கூடிய உண்மை ஒன்றுண்டு. கடலை நம்பி வாழும் மக்கள் கணக்கில்லாமல் வாழ்வதில்லை. சோளகம் எப்போது எழும், வாடை எப்போது திரும்பும், கொண்டல் வீசினால் என்ன, கச்சான் வீசினால் என்ன என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். இன்றைய காற்றை மட்டும் பார்த்து ஒருவன் தொழிலுக்குப் போவதில்லை. நேற்றைய காற்றையும், சென்ற ஆண்டு இதே மாதத்திலே அடித்த காற்றையும் சேர்த்தே எடை போடுகிறான். தனி ஒரு நாளின் காற்று எதையும் சொல்லாது. பல நாள்களின் காற்றை அடுக்கி வைத்தாற்றான் பருவம் தெரியும். மனத்துக்கும் இதே நியதி பொருந்தும் என்பதுதான் நாம் ஈண்டு எடுத்துரைக்க விழையும் கருத்து.

உள்ளத்து உணர்வைக் காலத்தோடும் இடத்தோடும் பொருத்திப் பார்ப்பது தமிழருக்குப் புதியதன்று. தொல்காப்பியம் நிலத்தை வகுத்தபோது ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பொழுதையும், ஓர் உணர்வுநிலையையும் சேர்த்தே வகுத்தது. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். கதிரவன் மேற்கே சாயும் எற்பாடு அதற்குரிய சிறுபொழுது. இரங்கல் அதற்குரிய உணர்வு. அதே நூலின் மெய்ப்பாட்டியல் சிரிப்பு முதல் மகிழ்ச்சி வரை மனித உணர்வுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் நந்நான்கு காரணங்களால் தோன்றும் என்று முப்பத்திரண்டு நிலைக்களன்களைக் காட்டுகிறது. உதாரணமாக, அழுகை என்பது வானத்திலிருந்து விழுவதன்று. இழிவுபடுத்தப்பட்டாலும், உடையதை இழந்தாலும், இருந்த நிலையிலிருந்து தாழ்ந்தாலும், வறுமை வந்துற்றாலும் பிறப்பது என்று அது காரணம் கூறுகிறது. வறுமையை அழுகையின் காரணங்களுள் ஒன்றாக அந்நூல் எண்ணியிருப்பது நமது சிந்தனைக்குரியது. உணர்வு புறத்தே தோன்றும். அதற்குக் காரணம் உண்டு. அக்காரணம் பெரும்பாலும் வாழ்க்கையிலே உண்டு. இந்த அடிப்படையை நம் முன்னோர் இலக்கண வாயிலாக அறிந்திருந்தனர்.

ஆனால் அறிந்தது ஒன்று, ஆளப்பட்டது வேறொன்று. ஆங்கிலேயர் ஆட்சியிலே இலங்கையில் மனநோய் பற்றிய சட்டம் 1873ஆம் ஆண்டில் வந்தது. மனநோயுற்றவரை எங்கே அடைப்பது, யார் ஆணையின்பேரில் அடைப்பது, அவரது சொத்தை யார் பார்ப்பது என்பன அச்சட்டத்தின் பிரதான கவலைகள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே அங்கொடையில் எழுந்த பெரிய மருத்துவமனை நீண்டகாலம் முழு இலங்கைக்கும் ஒரே பெரும் புகலிடமாயிற்று. தீவிலே மனம் கலங்கிய ஒருவன் கடல் தாண்டி, குடாநாடு தாண்டி, நாட்டின் மறு அந்தத்துக்கு, தன் மொழி பேசாதவர்களிடையே அனுப்பப்பட்டான். அவனைப் பற்றி எழுதப்பட்டது உண்மை; ஆனால் அது அவன் எழுதியதன்று, அவனுக்காக எழுதப்பட்டதுமன்று. அது காவற் கணக்கு. உடைந்த கலத்தின் கணக்கு எழுதிய அதே மரபின் தொடர்ச்சி என்றே அதனைக் கொள்ளலாம். “அங்கொடைக்கு அனுப்பவேண்டிய ஆள்” என்ற சொற்றொடர் இன்றும் நம்மிடையே வசையாக வழங்குகிறதென்றால், அந்தக் காவற் கணக்கு மக்கள் மனத்திலே பதித்த அச்சம் எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஐரோப்பாவிலும் நிலைமை இதனிலும் பெரிதும் வேறுபட்டிருக்கவில்லை. ஆயினும் அங்கே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின் (1856–1926), நோயாளி மருத்துவமனைக்கு வந்த நாளில் எப்படி இருந்தார் என்பதைக் கொண்டு மட்டும் நோயைத் தீர்மானிக்க முடியாது என்று கண்டார். மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காக அந்நோய் எந்தப் பாதையிலே செல்கிறது என்பதே முக்கியம். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்துக் குறிப்புகளைத் திரட்டினார். மனம் மிகையாக எழுந்து, பின் ஆழமாகத் தாழ்ந்து, இடையிலே நலமான காலங்களையும் கொண்டு சுழலும் ஒரு நோயை, அறிவு படிப்படியாக மங்கிச் செல்லும் வேறொரு நோயிலிருந்து அவர் 1899ஆம் ஆண்டிலே பிரித்துக் காட்டினார். ஒரு நாளின் புகைப்படத்திலே ஒன்றுபோலத் தோன்றிய இரண்டு நோய்கள், பல ஆண்டுகளின் ஓட்டத்திலே வெவ்வேறாயின. காலமே இங்கு கருவியாயிற்று.

சுவிற்சர்லாந்திலே பிறந்து அமெரிக்காவிலே பணியாற்றிய அடொல்ப் மேயர் (1866–1950) இன்னும் ஓரடி முன்னே சென்றார். 1919ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையொன்றிலே ‘வாழ்க்கை வரைபடம்’ என்ற ஒன்றை அவர் எடுத்துரைத்தார். ஒரு தாளிலே ஆண்டுகள் வரிசையாக எழுதப்படும். ஒரு பக்கத்திலே உடலுக்கு வந்த நோய்கள்; மறுபக்கத்திலே வாழ்க்கை நிகழ்ச்சிகள். பள்ளி சேர்ந்தது, வேலை கிடைத்தது, வேலை போனது, வீடு மாறியது, பிள்ளை பிறந்தது, தாய் இறந்தது எல்லாம் அந்தத் தாளிலே இடம்பெறும். கிரேப்பலினின் அட்டை நோயின் வரலாறு. மேயரின் தாளோ மனிதனின் வரலாறு. இந்த வேறுபாடு சிறியதன்று. நோயை மனிதனுடைய வாழ்க்கையிலிருந்து பிரித்தெடுக்க முடியாது என்ற கருத்து அத்தாளின் ஒவ்வொரு கோட்டிலும் உறைந்து கிடக்கிறது.

தொடர்ந்து குறிப்பதனால் என்ன பயன் விளைந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதுமானது. லித்தியம் என்னும் உப்பு மனவெழுச்சி நோயைத் தணிக்கிறது என்று அவுஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட் 1949இலே அறிவித்தார். ஆனால் அது நோய் திரும்ப வராமற் தடுக்குமா? இதற்கு விடை சொல்ல ஒரு நாட்பரிசோதனை உதவாது. டென்மார்க்கைச் சேர்ந்த பாஸ்ட்ரப், மொகன்ஸ் ஷூ என்ற இரு மருத்துவர்கள் 88 பெண் நோயாளிகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து குறித்து வந்தனர். மருந்துக்கு முன்னர் சராசரியாக எட்டு மாதத்துக்கொரு முறை வந்த நோய், மருந்துக்குப் பின்னர் அறுபது மாதங்களுக்கு மேற்பட்ட இடைவெளியிலேயே வந்தது என்று 1967இலே வெளியிட்டனர். அவர்களுடைய முறை போதாது என்று கடும் விவாதம் எழுந்தது; பின்னர் நடந்த கட்டுப்பாடான சோதனைகள் அதன் சாரத்தை உறுதிசெய்தன. மக்ஸ் ஹமில்ற்றன் 1960இலும், ஆரன் பெக் 1961இலும் மனச்சோர்வை அளக்கும் வினாத்தாள்களை வெளியிட்டதும் இதே காலப்பகுதியிலேதான். ‘மனம் சரியில்லை’ என்ற பொதுச்சொல் அதன்பின் ‘எவ்வளவு சரியில்லை, எப்போதிருந்து, எப்போது தேறியது’ என்ற கேள்விகளாக விரிந்தது.

இதுகாறும் கூறியது மருத்துவரின் கதை. நமது கேள்விக்கு நேரடியான விடையைத் தந்தது மருத்துவமனையன்று. ஒரு தொழிலாளர் கிராமம்.

ஒஸ்திரியாவிலே, வியன்னாவுக்கு அண்மையில், மரியென்தால் என்ற சிற்றூர். ஊருக்கே ஒரு நெசவாலை. உலகப் பொருளாதார நெருக்கடியிலே அவ்வாலை மூடப்பட்டது. ஊர் முழுவதும் ஏறத்தாழ ஒரே வேளையில் வேலையிழந்தது. மேரி யகோடா, போல் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற இளம் ஆய்வாளர்கள் 1931இன் இறுதியிலே அங்கே சென்று 478 குடும்பங்களின் வாழ்வை ஆராய்ந்து, 1933இலே நூலாக வெளியிட்டனர். அவர்கள் வெறும் வினாத்தாளோடு போகவில்லை. ஒருநாட் பொழுதை மணிக்கு மணி எவ்வாறு கழித்தீர்கள் என்று மக்களையே எழுதித் தரச் செய்தனர். தெருவிலே ஆண்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்று அளந்தனர். நூலகத்திலே இரவல் பெறப்பட்ட நூல்களை எண்ணினர். நேரம் மலைபோலக் குவிந்து கிடந்தது. ஆயினும் 1929க்கும் 1931க்கும் இடையே வாசிப்பு ஏறக்குறைய அரைவாசியாக வீழ்ந்திருந்தது. வேலை இல்லாதவனுக்கு ஓய்வு கிடைக்கிறது என்பது எத்தகைய பொய்!

அவர்கள் குடும்பங்களின் மனநிலையை நான்காக வகுத்தனர்: தளராதவர், அடங்கிப் போனவர், விரக்தியுற்றவர், எதிலும் நாட்டமற்று உறைந்து போனவர். பின்னர் வருமானக் கணக்கை அதன் பக்கத்திலே வைத்துப் பார்த்தனர். தளராத குடும்பங்களிலே ஓர் ஆளுக்கு மாதம் 34 ஷில்லிங், அடங்கிப் போன குடும்பங்களிலே 30, விரக்தியுற்றோரிடையே 25, உறைந்து போனோரிடையே 19. மனக்கணக்கும் வயிற்றுக்கணக்கும் ஒரே தாளின் இரண்டு பக்கங்கள் என்பது அங்கே வெட்டவெளிச்சமாயிற்று. உதவித்தொகை குறையக் குறைய, வீட்டுத் துணிமணிகள் கிழியக் கிழிய, குடும்பங்கள் ஒரு வகுப்பிலிருந்து கீழுள்ள வகுப்புக்குச் சரிந்துகொண்டிருந்தன. ஆகவே மனத்தைக் குறித்து வைப்பது சமுதாயத்தை மறக்கச் செய்யும் என்பது தவறு. நேர்மையாகக் குறித்து வைத்தால், அது சமுதாயத்தையே சுட்டிக் காட்டும்.

இந்த வெளிச்சத்தோடு நாம் மீண்டும் தீவுப்பகுதிக்குத் திரும்புவோம். எனினும் நாம் திரும்பும் கடல், போர் கடந்து வந்த கடல் என்பதை மறந்துவிடலாகாது.

1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே, நடுக்கடலில், குழந்தைகள் பெண்கள் உட்படக் குறைந்தது 23 பொதுமக்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990 ஆகஸ்ற்றிலே நடந்த இராணுவ நடவடிக்கையை அடுத்துத் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாகக் குடாநாட்டுக்குள் இடம்பெயர்ந்தனர். மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பகுதிகளிலே இளைஞர் பலர் பிடிக்கப்பட்டுக் காணாமற் போயினர். 1995 ஒக்ரோபர் 30இலே வலிகாமம் முழுவதும் ஓரிரவிலே பெயர்ந்தது. முன்பே பெயர்ந்தவர்கள் மறுபடியும் பெயர்ந்தனர். 2009 மே மாதத்திலே வன்னியில் போர் முடிந்தபோது, தீவிலே இருந்த எத்தனையோ வீடுகளுக்கு அங்கிருந்து செய்தி வந்தது. எத்தனையோ வீடுகளுக்குச் செய்தியே வரவில்லை. செய்தி வராத துயரம் செய்தி வந்த துயரத்திலும் நெடியது.

இக்காலத்திலே யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரத்தின் பெயர் நன்றியோடு குறிப்பிடத்தக்கது. 1987இலே யாழ்ப்பாணத்தில் சாந்திகம் என்ற உளவளத்துணை நிலையம் உருவாயிற்று. தெல்லிப்பழை மருத்துவமனையின் உளமருத்துவப் பிரிவு போரின் நடுவிலும் இயங்கிற்று. சோமசுந்தரமும் சிவயோகனும் 1994இலே பிரித்தானிய உளமருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, யாழ்ப்பாணத்திலே ஆராயப்பட்ட பொதுமக்களுள் போர் நெருக்கீடு எதனையும் அனுபவியாதவர் 6 சதவீதத்தினரே. 27 சதவீதத்தினரிடம் மனவடு நோயும், 25 சதவீதத்தினரிடம் மனச்சோர்வும் காணப்பட்டன. 41 சதவீதத்தினரிடமோ உள்ளத்தின் துன்பம் உடலின் நோவாக வெளிப்பட்டது. 2009ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே யாழ் மாவட்டத்தில் நடத்தப்பட்டு, 2011இலே அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான மற்றோர் ஆய்வு, 22.2 சதவீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளைக் கண்டது. அப்போதும் இடம்பெயர்ந்து வாழ்ந்தோரிடையே அது 41.8 சதவீதமாக இருந்தது.

இவ்வெண்கள் பெறுமதி வாய்ந்தவை. ஆயினும் இரண்டு ஆய்வுகளும் வெவ்வேறு கருவிகளைக் கையாண்டவை. ஒன்றோடொன்றை நேராக ஒப்பிட முடியாது. அதற்கும் மேலாக, ஆய்வு என்பது ஒரு நாள் ஆற்றங்கரையிலே நின்று எடுத்த புகைப்படம். ஆற்றின் ஓட்டத்தை அது காட்டாது. 1991க்கும் 2009க்கும் இடையே அந்த மனிதர்கள் எப்படி எழுந்தார்கள், எப்படி விழுந்தார்கள், எது அவர்களைத் தாங்கிற்று என்பதை அவர்களே குறித்து வைத்திருந்தாலன்றி வேறு யார் சொல்ல முடியும்?

அந்த 41 சதவீதத்தை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். நம்மவர் மருத்துவரிடம் போய் ‘மனம் சோர்ந்திருக்கிறது’ என்று சொல்வது அரிது. நெஞ்சு அடைக்கிறது, தலை இடிக்கிறது, கைகால் உளைகிறது, பெருமூச்சு வருகிறது என்றே சொல்வர். மருத்துவர் நோவுக்கு மாத்திரை கொடுப்பார். நோவு மறுமாதம் திரும்பும். இதனை அறியாமை என்று இகழ்வது பேதைமை. உடலின் மொழியிலே உள்ளம் பேசுகிறது. மெய்யிலே படுவதால் அதனை மெய்ப்பாடு என்றனர் முன்னோர். ஆகவே மேலைநாட்டு வினாத்தாளை அப்படியே பெயர்த்து நீட்டினால் மட்டும் போதாது. பெருமூச்சையும் குறிக்க இடமுள்ள ஏடு நமக்கு வேண்டும்.

அத்தகைய ஏடு ஒன்றும் வானத்திலிருந்து வர வேண்டியதில்லை. தீவிலே ஏறக்குறைய எல்லா வீட்டுச் சுவரிலும் நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. அதன் ஓரத்திலே பாற்கணக்கு, சீட்டுக்காசு கட்டிய நாள், மாடு சினைப்பட்ட நாள், எரிவாயு மாற்றிய நாள் எல்லாம் பென்சிலாற் குறிக்கப்படுகின்றன. கணவனையோ மகனையோ போரிலே இழந்த தாய் ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். அவள் அதே நாட்காட்டியிலே, ஒவ்வொரு மாலையும் ஒரே நேரத்தில், ஒரு சிறு இலக்கத்தையும் இடுகிறாள்: மிகத் தாழ்ந்த நாளுக்கு ஒன்று, மிக நல்ல நாளுக்குப் பத்து. பக்கத்திலே எத்தனை மணி நேரம் உறங்கினாள் என்பது. அதன் கீழே இரண்டொரு சொல்: ‘நெஞ்சு நோ’, ‘பேத்தி வந்தாள்’, ‘படகு ஓடவில்லை’, ‘கடன்காரன் வந்தான்’. இதற்கு எழுத்தறிவு அதிகம் வேண்டாம். நேரமும் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து அவள் தாள்களைப் புரட்டும்போது என்ன காண்பாள்? மே மாதம் நெருங்க நெருங்க இலக்கம் தாழ்ந்து செல்வதைக் காணலாம். அந்த நாள்களிலே நெஞ்சு நோவும் கூடியிருப்பதைக் காணலாம். துயரம் நிகழ்ந்த நாள் திரும்பி வரும்போது, மனம் மறந்ததாக எண்ணினாலும் உடல் மறப்பதில்லை. இதனை உளமருத்துவர் நன்கறிவர். காரணம் தெரியாமல் வரும் துன்பம் பேய்போல அச்சுறுத்தும். காரணம் தெரிந்த துன்பமோ துன்பமாகவே இருப்பினும் பேயாக இராது. அவள் அடுத்த ஆண்டு மே மாதத்துக்கு முன்னரே தங்கையை வந்து கூட இருக்கச் சொல்லலாம். மருத்துவரிடம் நாட்காட்டியையே கழற்றிக் கொண்டுபோய்க் காட்டலாம். பேத்தி வந்த நாள்களிலே இலக்கம் ஏறியிருப்பதையும் அவள் காண்பாள். இருளிலே இருக்கும் மனம் ‘எப்போதும் இருட்டுத்தான்’ என்று சாதிக்கும். நினைவாற்றல் துயரத்தின் பக்கம் சாய்ந்து சாட்சி சொல்லும். அந்தப் பொய்ச்சாட்சியை மறுக்க, சுவரிலே தொங்கும் பென்சிற் குறிப்புக்கு மட்டுமே வலிமை உண்டு.

சில எச்சரிக்கைகளையும் இவ்விடத்திலே சொல்லியாக வேண்டும். குறிப்பு மருந்தன்று, மருந்து வேண்டிய இடத்திலே மருந்தும், துணை வேண்டிய இடத்திலே துணையும் வேண்டும். சிலருக்கு ஓயாது தம் மனத்தை நோக்குவதே நோயாகிவிடும். அத்தகையோர் ஏட்டை மூடிவிட்டு அயலாரோடு வேலையிலே கலப்பது நல்லது. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டுமாயின், அதனைத் தாளிலே எழுதிவிட்டு இருந்துவிடலாகாது. அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மருத்துவமனையின் உளநலப் பிரிவை நாட வேண்டும்.

இன்னுமொன்று. கணக்கு யாருடைய கையிலே இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. 1873இன் சட்டத்திலே கணக்கு ஆட்சியாளர் கையில் இருந்தது. இன்று கைத்தொலைபேசியிலே மனநிலையைக் குறிக்கும் செயலிகள் பல வந்துவிட்டன. அவை வசதியானவைதாம். ஆனால் ஒருத்தி நள்ளிரவிலே தன் துயரத்தை விரலால் தொட்டுக் குறிக்கும்போது அது எங்கே போய்ச் சேருகிறது? யார் அதனை விலைபேசுகிறார்கள்? துயரத்தையும் சரக்காக்கத் தயங்காத உலகிலே, உடைந்த கலத்தில் பங்கு கேட்ட பண்டாரம் வேறு உருவிலே திரும்பி வராது என்பதற்கு என்ன உறுதி? மனக்கணக்கு எழுதியவருக்கே சொந்தம்; அவர் விரும்பினாலன்றி அதனை வேறெவரும் திறக்கும் உரிமை இல்லை என்பதை நாம் கோரிக்கையாகவே முன்வைக்க வேண்டும்.

இதனை வாசிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். பிள்ளைகளின் மனநிலையை எழுதி வாங்கி மேசையிலே அடுக்குவது நம் வேலையன்று. ஆனால் நம் கையிலே ஏற்கெனவே ஓர் ஏடு இருக்கிறது. அது வரவுப் பதிவேடு. திங்கட்கிழமைகளிலே மட்டும் வராத பிள்ளை, கையெழுத்து திடீரெனச் சிறுத்துப்போன பிள்ளை, கடல் கொந்தளித்துத் தந்தை தொழிலுக்குப் போகாத வாரங்களிலே பேச்சற்றுப் போகும் பிள்ளை ஆகியோரைக் காலத்தோடு சேர்த்துக் கவனிப்பவர் ஆசிரியர் ஒருவரே. கண்டித்துத் திருத்த முயல்வதற்கு முன் பதிவேட்டை ஒருமுறை பின்னோக்கிப் புரட்டுவோமாயின், குற்றமென்று தோன்றியது துன்பமென்று தெரியவரும்.

தொடர்ந்து வைக்கும் கணக்கு சமுதாய நடவடிக்கையோடு இணையும்போது உயிர் காக்கும் என்பதற்கு நம் நாடே சான்று. இலங்கையிலே தற்கொலை வீதம் 1950க்கும் 1995க்கும் இடையே எட்டு மடங்காகப் பெருகி, 1995இலே இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற உச்சத்தை எட்டியது. கொடிய பூச்சிகொல்லிகளின் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடைகள் விதிக்கப்பட்ட பின்னர், 2005 அளவிலே அது அரைவாசியாகக் குறைந்தது. மனிதரின் உள்ளங்களெல்லாம் பத்தாண்டிலே மாறிவிட்டன என்பதன்று இதன் பொருள். புறச்சூழல் மாறியபோது உயிர்கள் தப்பின. ஆண்டுதோறும் எண்ணி வந்திராவிட்டால் இவ்வுண்மை வெளிப்பட்டிருக்குமா? சோமசுந்தரம் 1998இலே எழுதிய ஆங்கில நூலுக்கு ‘வடுப்பட்ட மனங்கள்’ என்ற பொருளிலும், 2014இலே எழுதிய நூலுக்கு ‘வடுப்பட்ட சமூகங்கள்’ என்ற பொருளிலும் தலைப்பிட்டார். மனங்களிலிருந்து சமூகங்களுக்கு என்ற அந்த நகர்விலே ஒரு தலைமுறையின் அனுபவம் அடங்கியிருக்கிறது.

மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் நயினாதீவே என்பார் பலர், மறுப்போரும் உளர். அந்த ஆராய்ச்சி எவ்வாறாயினும், அத்தீவிலே நிகழ்ந்ததாகச் சாத்தனார் கூறும் இரு நிகழ்ச்சிகள் நமது பொருளுக்கு நெருங்கியவை. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியைக் கையிலே வைத்திருந்த ஆபுத்திரன், ஆளில்லாத அத்தீவிலே தவறுதலாகத் தனித்து விடப்பட்டான். கையிலே உலகுக்கே போதுமான உணவு. ஊட்டுவதற்கோ ஒருவரும் இல்லை. உணவிருந்தும் உண்ணாது அவன் உயிர்நீத்தான். மரியென்தாலின் வேலையற்ற தொழிலாளியை இங்கே நினையாதிருக்க முடியவில்லை. பயன்படாமற் போதல் பசியினும் கொடியது என்பதை அக்காப்பியம் அன்றே உணர்த்திவிட்டது.

பின்னர் அதே தீவுக்கு மணிமேகலை வருகிறாள். தன் கடந்த காலத்தை அங்கே அறிகிறாள். அறிந்தவள் அந்த அறிவிலேயே மூழ்கிக் கிடக்கவில்லை. ஆபுத்திரன் விட்டுச்சென்ற பாத்திரத்தை ஏந்திக்கொண்டு பசித்தோரிடையே போகிறாள். தன்னை அறிவதும் பிறர் பசி தீர்ப்பதும் அவளுக்கு இரு வேலைகளாகத் தோன்றவில்லை.

சுவரிலே தொங்கும் நாட்காட்டியிலே ஒரு பெண் இடும் பென்சிற் குறியை நாம் அந்த வரிசையிலே வைத்துப் பார்க்கிறோம். கல்லிலே எழுதியவர்கள் அவளை எழுதவில்லை. அவளே எழுதட்டும். அதனை அவள் விரும்பி நம்மிடம் காட்டும் நாளிலே, இலக்கத்தை மட்டும் பார்த்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போகாமல், அதன் கீழே எழுதியிருக்கும் ‘படகு ஓடவில்லை’, ‘கடன்காரன் வந்தான்’ என்ற சொற்களையும் வாசிக்கக் கடமைப்பட்டவர்கள் நாம்.